கார்ட் நம்ம கையில், பேர் யாருடையது?



கொஞ்சம் நீளமான பதிவு இது. டிவி கார்ட் பற்றியது. "சேருக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்பவர்கள் கேட்கட்டும். வீட்டுக் கூரையில் டிஷ் வைத்திருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசி வரைக்கும் வாசியுங்கள். வாசித்துவிட்டு எழும்பிப் போய் உங்கள் வீட்டு ரிசீவரை ஒருக்காப் பாருங்கள்.

போன மாதம் ஒரு பின்னேரம் மழையோடு சேர்ந்து விழுந்த இடியில் எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டு ரிசீவர் போனது. இடி முழங்கினால் கரண்ட் பிளக்கையும் என்டெனா வயரையும் கழற்றி வையுங்கள் என்று வருடா வருடம் சொல்கிறோம், வருடா வருடம் இரண்டு மூன்று வீட்டில் போகத்தான் செய்கிறது. அந்த மூன்றில் ஒன்று எங்களுக்குத் தெரிந்த ஒரு ராத்தாவின் வீடு. கணவர் வபாத்தாகி ஆறு வருடம். மகன் சவூதியில். வீட்டில் ராத்தாவும், சாதாரண தரம் படிக்கும் மகளும், படுத்த படுக்கையாகிவிட்ட வயதான உம்மாவும். அந்த உம்மாவுக்குப் பகல் நேரத்தில் பேச்சுத்துணை என்று இருப்பது அந்த டிவிதான். சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும், பார்க்கக்கூடத் தேவையில்லை.

ராத்தா டவுனுக்குப் போய் 6,500 ரூபாவுக்கு ஒரு பழைய ரிசீவர் வாங்கி வந்தார். அதே கம்பனி, அதே மாதிரி பொக்ஸ். எரிந்த பொக்ஸில் இருந்த கார்ட்டை உருவி இதற்குள் போட்டார்கள். படம் வரவில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஏதோ வந்தது. மகள் வாசித்துச் சொன்னாளாம், "இந்தக் கார்ட் இந்தப் பொக்ஸுக்குரியது இல்லை எண்டு போட்டிருக்கும்மா". துணியால் துடைத்துப் போட்டார்கள், அழிறப்பரால் தேய்த்துப் போட்டார்கள், பிஸ்மி சொல்லியும் போட்டார்கள். அதே எழுத்துத்தான். டிஷ் பூட்டிய தம்பிக்குப் போன் அடித்தால் நம்பர் வேலை செய்யவில்லை. ஆள் கட்டாருக்குப் போய் நாலு மாதம் என்று பிறகுதான் தெரிய வந்தது. கட்டாருக்குப் போவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் ஒரு வருட ரிச்சார்ஜுக்கென்று 14,000 ரூபா வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பற்றுச்சீட்டு இல்லை. "சேர், இந்தக் கார்ட ஒருக்காப் பாருங்களே" என்று ராத்தா எங்களிடம் வந்தது அதற்குப் பிறகுதான்.

கார்ட்டில் ஒரு பிழையும் இல்லை. அது ஒரு இந்திய சேவையின் கார்ட். கார்ட்டின் பின்னால் இருந்த இலக்கத்தை வைத்து அந்தக் கம்பனியின் வாடிக்கையாளர் சேவைக்கு நாங்களே எடுத்துப் பேசினோம். முதல் கேள்வி, பதிவு செய்த கைத்தொலைபேசி இலக்கம் என்ன? தெரியாது. யாருடைய பேரில் இருக்கிறது? தெரியாது. எந்த ஊர் முகவரி? அதுவும் தெரியாது. மரியாதையாகத்தான் சொன்னார்கள், கணக்கு வைத்திருப்பவர் அவருடைய இலக்கத்திலிருந்து பேசினால் ஐந்து நிமிடத்தில் புதிய பொக்ஸுக்கு மாற்றித் தருவோம் என்று. அவர்களைக் குறை சொல்ல ஏலாது. நம்முடைய கணக்கு விவரத்தை யாரோ ஒருவர் போன் எடுத்துக் கேட்டால் கொடுக்கக் கூடாது என்றுதானே நாமும் எதிர்பார்ப்போம்?

ராத்தா காசு கொடுத்தார், கார்ட் அவர் கையில் இருக்கிறது. ஆனால் அந்தக் கார்ட்டுக்கு அவர் யாரும் இல்லை.

இந்த இடத்தில் கார்ட் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். வாத்திமார் பழக்கம், மன்னித்துக்கொள்ளுங்கள். இது விளங்காததால்தான் நம்மில் பலர் ஏமாறுகிறோம்.

பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதியிலிருந்து எல்லா வீட்டுக்கும் ஒரே அலைதான் வருகிறது. காசு கட்டிய வீட்டுக்கு ஒன்று, கட்டாத வீட்டுக்கு ஒன்று என்று செய்மதி பிரித்து அனுப்புவதில்லை. படத்தைக் குழப்பிப் பூட்டி அனுப்புகிறார்கள். அந்தப் பூட்டின் சாவி சில வினாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். மாறும் சாவியும் பூட்டிய நிலையில் அதே அலையோடுதான் வருகிறது. அதைத் திறந்து ரிசீவருக்குக் கொடுப்பதுதான் கார்ட்டில் இருக்கும் அந்தச் சின்னத் தங்க நிறச் சில்லின் வேலை. "இந்த இலக்கக் கார்ட்டுக்கு இன்ன சனல்கள், இன்ன திகதி வரைக்கும்" என்ற அனுமதியும் வானத்திலிருந்துதான் இறங்குகிறது. கம்பனியின் கணினி அந்த உத்தரவைச் செய்மதிக்கு ஏற்றுகிறது, உங்கள் ரிசீவர் அதைப் பிடித்துக் கார்ட்டுக்குள் எழுதிவிடுகிறது. அக்டிவேட் பண்ணுவது என்று சொல்வது இதைத்தான்.

இதிலிருந்து இரண்டு விஷயம் விளங்கும். ஒன்று, உத்தரவு வரும் நேரத்தில் ரிசீவர் போட்டபடி இருக்க வேண்டும், சிக்னலும் இருக்க வேண்டும். காசு கட்டிவிட்டு டிவியையும் பொக்ஸையும் நிப்பாட்டிவிட்டுப் படுத்தால் உத்தரவு வந்து உங்கள் கூரையைத் தட்டிவிட்டுப் போய்விடும். அதை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்க மாட்டார்கள், கொஞ்ச நாளைக்குத்தான் அடிக்கடி அனுப்புவார்கள். ஆகவே காசு கட்டியதும், காசு கட்டிய சனல் ஒன்றில் வைத்துப் பொக்ஸை அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கள். உம்ராவுக்குப் போய் மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு வந்து "கார்ட் செத்துப்போச்சு" என்று சொல்பவர்களின் கார்ட் பெரும்பாலும் சாகவில்லை. உத்தரவைத் திரும்ப ஒருக்கா அனுப்பச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ரிஃப்ரெஷ் என்பார்கள். போனிலேயே முடிகிற வேலை. இந்த வேலைக்கு நம்ம ஊரில் 1,000 ரூபா, 1,500 ரூபா வாங்கியவர்களை எங்களுக்குத் தெரியும். "அக்டிவேஷன் சார்ஜ்" என்று அதற்கு ஒரு பேர் வேறு.

மற்றது, பல சேவைகளில் கார்ட்டும் பொக்ஸும் சோடி. இந்த இலக்கக் கார்ட் இந்த இலக்கப் பொக்ஸில் மட்டும்தான் திறக்கும் என்று கம்பனி கட்டிப் போட்டிருக்கும். ஒரு காலத்தில் கார்ட்டை உருவிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுப் பொக்ஸில் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதைத் தடுப்பதற்காக வந்த கட்டுத்தான் இது. பொக்ஸ் எரிந்து போனால், பழைய சோடியைப் பிரித்துப் புதிய சோடியைக் கட்டுமாறு கம்பனியிடம் கேட்க வேண்டும். கேட்கும் உரிமை கணக்கு வைத்திருப்பவருக்குத்தான். கார்ட்டை மாற்றுவது என்பது பிளாஸ்டிக் துண்டை உருவிச் செருகுகிற வேலை இல்லை. அது பெயர் சம்பந்தப்பட்ட வேலை. இப்போது வருகிற பல பொக்ஸ்களில் தனிக் கார்ட்டே கிடையாது, அந்தச் சில்லைப் பொக்ஸுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அதனால் பெயர்ப் பிரச்சினை இல்லாமல் போகவில்லை.

மழைக்குப் படம் போனால் கார்ட்டில் கை வைக்காதீர்கள். "சிக்னல் இல்லை" என்று வந்தால் அது டிஷ்ஷின், வயரின், மழையின் கதை. கார்ட்டைப் பற்றியோ அனுமதியைப் பற்றியோ எழுத்து வந்தால்தான் கார்ட்டின் கதை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் டெக்னீஷியனைக் கூப்பிட்டு ஓட்டோக் கூலியும் கொடுத்தவர்கள் எத்தனை பேர்!

சரி, இந்தியக் கார்ட் நம்ம ஊருக்கு எப்படி வந்தது? இது எல்லோருக்கும் தெரிந்த கதைதான், ஆனால் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. இந்தியாவில் சிறிய டிஷ் சேவைகள் 2003இல் தொடங்கி, 2006, 2007 அளவில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தென்னிந்தியாவுக்கு விழுகிற அலை நமக்கும் விழுகிறது, கடலுக்குத் தெரியுமா எல்லை? தமிழ் சனல்கள் ஏராளம், கிரிக்கெட் இருக்கிறது, மாதக் கட்டணமும் உள்நாட்டுச் சேவையைவிடக் குறைவு. நம்ம ஊர் மொட்டை மாடிகளைப் பாருங்கள். வானத்தை அண்ணாந்து பார்க்கும் டிஷ்கள் எல்லாம் அநேகமாக இந்தியச் செய்மதியைப் பார்ப்பவை, அந்தச் செய்மதிகள் நம் தலைக்கு மேலே நிற்பதால். மேற்குப் பக்கமாகத் திரும்பி நிமிர்ந்து நிற்பது டயலொக் டீவியின் டிஷ். எண்ணிப் பார்த்தால் எது கூட என்று நீங்களே சொல்வீர்கள்.

ஆனால் அந்த இந்தியக் கம்பனிகளுக்குக் கிடைத்திருக்கும் அனுமதி இந்தியாவுக்குள் சேவை வழங்குவதற்கு. இலங்கையில் ஒரு வாடிக்கையாளர் இருப்பதாக அவர்களுடைய ஏட்டில் எழுத முடியாது. ஆகவே இங்கே விற்பவர் என்ன செய்வார்? தமிழ்நாட்டில் ஒரு ஊர், ஒரு பேர், ஒரு கைத்தொலைபேசி இலக்கம் கொடுத்துப் பதிவார். கம்பனியைப் பொறுத்தவரைக்கும் நம்ம ராத்தாவின் டிவி ஓடுவது எங்கோ ஒரு தமிழ்நாட்டு வீட்டில். அந்த வீட்டுக்காரருக்கு இப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியுமோ என்னவோ. கார்ட்டை இன்னொரு பொக்ஸுக்கு மாற்றுவதற்கான இரகசிய இலக்கம் போவது அந்தப் போனுக்கு. அந்த சிம் இப்போது யாருடைய போனில் இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

இது ஹலாலா ஹராமா என்று ஃபத்வா கொடுக்க நாங்கள் வரவில்லை. அது உலமாக்களின் வேலை. எங்கள் வீட்டிலும் 2022 வரைக்கும் அப்படி ஒரு டிஷ் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. அந்த வருடம் இந்திய ரூபா ஒன்று நம்முடைய காசில் 2 ரூபா 70 சதம் அளவில் இருந்து, சில மாதங்களில் 4 ரூபா 50 சதத்தையும் தாண்டிப் போனது. மாதம் 300 இந்திய ரூபாவுக்கு ரிச்சார்ஜ் பண்ணுகிறவருக்கு அது 810 ரூபாவிலிருந்து 1,350 ரூபாவாகியது. அதற்கு மேலே ஏஜெண்டின் கொமிஷன். அப்போதுதான் நாங்கள் கணக்குப் பார்த்தோம். சரியாக எவ்வளவு கொமிஷன் கொடுக்கிறோம் என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஏஜெண்ட் சொல்வார், நாங்கள் கொடுப்போம். கணித பாடத்தில் பிள்ளைகளுக்கு நூற்று வீதம் படிப்பிக்கிற நாங்கள்!

அந்த நேரம் யாரிடம் போய் முறையிடுவது என்று யோசித்தால், இடமே இல்லை. இந்தியக் கம்பனிக்கு நாங்கள் வாடிக்கையாளர் இல்லை. இங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் போனால், அனுமதி பெறாத சேவையை நீங்கள் ஏன் வாங்கினீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். ஏஜெண்ட் தம்பி நல்லவராக இருந்தால் தப்பினோம். அவர் கட்டாருக்குப் போனால், வபாத்தாகிவிட்டால், போன் தொலைந்தால், நாங்களும் தொலைந்தோம். நூற்றுக்கணக்கான வீடுகளின் ஒரு வருடக் காசு ஒரு தம்பியின் ஞாபகத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இதைவிட ஒரு படி கீழே இறங்கியும் நடக்கிறது. இன்டர்நெட் வழியாக ஒரே கார்ட்டின் சாவியை நூறு வீட்டுக்குப் பங்கு வைப்பது. "ஸெர்வர்" என்று சொல்லி விற்கிறார்கள், 12 மாதத்துக்கு இவ்வளவு என்று. அது யாரோ ஒருவருடைய பொருளைக் களவாக விற்பது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தேவையில்லை.

இப்போது உள்நாட்டுச் சேவை வைத்திருப்பவர்கள் "அப்பாடா, நாங்கள் தப்பித்தோம்" என்று நினைக்கலாம். எங்களுடைய கதையைக் கேளுங்கள்.

2019இல் நாங்கள் ஐந்து ஆசிரியர்கள் வெளியூர்ப் பாடசாலையொன்றில் இருந்தோம். ஒரு வாடகை வீட்டில் சமையலும் ஒன்றாக, சண்டையும் ஒன்றாக. அந்த வருடம் உலகக் கிண்ணக் கிரிக்கெட். காசு பங்கு போட்டு ஒரு கனெக்‌ஷன் எடுத்தோம், முறையாக, அனுமதியுள்ள கம்பனியில். படிவம் நிரப்பும்போது "யாருடைய பேரில்?" என்று கேட்டார்கள். அன்றைக்கு அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தவர் கணித ஆசிரியர் மட்டும்தான். "போடுங்க போடுங்க, யார்ட பேர்ல இருந்தா என்ன" என்றோம். நன்றாக நினைவிருக்கிறது, அப்படிச் சொன்னது நாங்கள்தான்.

2020 ஜனவரியில் அவருக்கு இடமாற்றம் வந்து வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். போனவர் சிம்மையும் மாற்றினார். அடுத்த கிழமை பொக்ஸ் பழுது. கம்பனிக்காரர் வந்து உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கிறது என்று புதிய பொக்ஸைத் தந்தார். கார்ட்டைப் புதிய பொக்ஸோடு சேர்க்க வேண்டும், கணக்கு வைத்திருப்பவர் எங்கே என்று கேட்டார். போன் அடித்துக் கணித ஆசிரியரின் அடையாள அட்டை இலக்கத்தை வாங்கிக் கொடுத்தோம். போதாது, பதிவு செய்த இலக்கத்திலிருந்து அவர் பேச வேண்டும். அந்த சிம்மை அவர் எறிந்துவிட்டார். கடைசியில் அந்த மனிசன் பாடசாலையில் அரை நாள் லீவு போட்டு, தன் ஊர்ப் பக்கம் இருந்த சேவை நிலையத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்தார். அதற்குப் பிறகு கார்ட்டை மாற்றி அக்டிவேட் பண்ண எடுத்த நேரம் 15 நிமிடம். அந்த 15 நிமிடத்துக்காக நாங்கள் காத்திருந்தது 19 நாள்.

எங்களுக்கு நடந்தது டிவி இல்லாமல் 19 நாள் போனது மட்டும்தான். ஒரு நட்டமும் இல்லை. ஆனால் நம்ம ஊரில் எத்தனை கனெக்‌ஷன் வபாத்தாகிய வாப்பாவின் பேரில் இருக்கிறது? வெளிநாட்டில் இருக்கும் நானாவின் பேரில்? முன்னர் வாடகைக்கு இருந்தவரின் பேரில்? பழைய பொக்ஸும் கார்ட்டும் சேர்த்து மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிக்கொண்டு வந்து, அந்தக் கணக்கில் முன்னைய ஆளின் பாக்கி நிற்கிறது என்று தெரிந்து தலையில் கை வைத்தவர்கள் இருக்கிறார்கள். ஓப்பன் பேப்பரில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறோம். கரண்ட் பில் இன்னும் மூத்தாப்பாவின் பேரில் வருகிறது. கார்ட்டும் அந்த வரிசையில்தான்.

"ஒரு டிவிக்குப் போய் இவ்வளவு கதையா?" என்று கேட்கலாம். ஒரு வருட ரிச்சார்ஜ் 14,000 ரூபா. ராத்தா வீட்டில் அது அரிசிக்காசு. மகன் பாலைவனத்தில் நின்று அனுப்பிய காசு. நமக்கு அது "டிவி விஷயம்" என்று தோன்றுவதே, நம் வீட்டில் அந்த 14,000 போனாலும் அடுப்பு எரியும் என்பதால்தான்.

இன்னொரு பேச்சும் வரும். "அந்தப் பொடியன் நம்ம பொடியன், அவன்ட்ட போய் துண்டு எழுதிக் கேட்டா மனம் நோகாதா?" இதற்கு எங்களால் ஒரு பதில்தான் சொல்ல முடியும். குர்ஆனில் மிக நீளமான வசனம் எது? சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். எதைப் பற்றியது? கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றி, சாட்சி வைப்பது பற்றி. ஜும்ஆக்களில் எத்தனை தடவை கேட்டிருப்போம். கேட்டுவிட்டு வெளியே வந்து, பள்ளிவாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றே 14,000 ரூபாவைத் துண்டில்லாமல் கொடுக்கிறோம்.

டிஷ் பூட்டும் தம்பிமாரை மொத்தமாகக் குற்றவாளியாக்குவதற்கு இதை எழுதவில்லை. அவர்களில் பாதிப் பேர் நம்மிடம் படித்தவர்கள். வெயிலில் ஓட்டின்மேல் ஏறி நின்று உழைக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. சாதாரண தரத்தில் கணிதத்தில் கோட்டை விட்ட பொடியன். ஆனால் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறார். எந்த வீட்டுக்கு எந்தப் பொக்ஸ், பொக்ஸின் இலக்கம், கார்ட்டின் இலக்கம், யாருடைய பேரில், எந்தப் போன் நம்பரில், எந்தத் திகதி வரைக்கும் காசு கட்டியிருக்கிறது, எல்லாம் வரி வரியாக. வீட்டுக்காரருக்கும் அதை ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பார். உள்நாட்டுக் கனெக்‌ஷன்தான் பூட்டுவார், வீட்டுக்காரரின் அடையாள அட்டை இல்லாமல் படிவத்தில் கை வைக்க மாட்டார். போன வருடம் அவர் கொஞ்ச நாள் கொழும்பில் வேலைக்குப் போனபோது, கொப்பியை மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வீட்டிலும் பிரச்சினை வரவில்லை. "என்னடா இவ்வளவு நுணுக்கமா?" என்று கேட்டோம். "சேர், ஆக்கள்ட சல்லி அமானிதம்தானே" என்றார்.

ஆகவே ஊர் மக்களிடம் எங்கள் வேண்டுகோள் இது. இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்ததும் ரிசீவரைப் போட்டு, ரிமோட்டில் மெனுவுக்குள் போய்ப் பாருங்கள். கார்ட் இலக்கமும் பொக்ஸ் இலக்கமும் ஏதோ ஒரு பக்கத்தில் இருக்கும். போனில் படம் பிடியுங்கள். அதோடு நிற்காமல் ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள், போன் தொலையும். பிறகு யாருடைய பேரில் இருக்கிறது, எந்தப் போன் நம்பரில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உள்நாட்டுச் சேவை என்றால், பேர் உங்களுடையது இல்லாவிட்டால், அந்தப் பேருக்குரியவர் உயிரோடு, போன் எடுக்கிற தூரத்தில் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். வாப்பா வபாத்தாகியிருந்தால் என்ன பத்திரம் வேண்டும் என்று கம்பனியிடமே கேளுங்கள், இடையில் ஆள் தேவையில்லை.

பழைய பொக்ஸ் வாங்கப் போகிறவர்கள், காசைக் கையில் வைத்துக்கொண்டே, விற்பவரை அவருடைய போனிலிருந்து கம்பனிக்குப் பேசச் சொல்லுங்கள். பாக்கி இருக்கிறதா, பேர் மாற்றலாமா, இந்தப் பொக்ஸில் வேறு கார்ட் சேர்க்கலாமா என்று ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். படம் வந்த பிறகு காசு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோமே.

கடையில் வாங்கினால் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது. மறுத்தால் 1977க்கு அழைத்துச் சொல்லலாம். சட்டப்படி இயங்கும் சேவை ஒன்று அநியாயம் செய்தால் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் 1900 இருக்கிறது. பியோ டீவி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செய்மதிக் கதையெல்லாம் இல்லை, அது தொலைபேசி இணைப்பு வழியாக வருவது. ஆனால் அந்த இணைப்பும் யாரோ ஒருவரின் பேரில்தான் இருக்கிறது.

இந்தியக் கார்ட் வைத்திருப்பவர்களுக்கு என்ன சொல்வது? அதைக் கழற்றி எறியுங்கள் என்று எழுதுவது சுலபம். உள்நாட்டுச் சேவையின் விலையைக் கேட்டுவிட்டு இப்படி எழுத எங்களுக்கு வாய் வரவில்லை. தமிழ் சனல்களைக் கொஞ்சம் நியாயமான விலையில் கொடுத்தால் யார் அடுத்த நாட்டு முகவரியில் ஒளிந்து டிவி பார்க்கப் போகிறார்கள்? அதை உள்நாட்டுக் கம்பனிகள் யோசிக்க வேண்டும். ஆனால் நாங்கள் கழற்றினோம். பொய்யான பேரில், பொய்யான முகவரியில் இருக்கும் ஒரு பொருளுக்காக ஏமாற்றப்பட்டோம் என்று யாரிடமும் போய் வாய் திறக்க முடியாது என்பது விளங்கிய அன்றைக்குக் கழற்றினோம். வைத்திருப்பவர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள், ஒரு வருடக் காசை ஒரேயடியாகக் கொடுக்காதீர்கள். மாதம் மாதம் கொடுங்கள். தொலைந்தாலும் ஒரு மாதக் காசுதான் தொலையும்.

ஏஜெண்ட் தம்பிமாரிடமும் ஒன்று. நீங்கள் வெளிநாடு போகப் போகிறீர்கள் என்றால் போங்கள், அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். போவதற்கு முன் உங்கள் போனில் இருக்கும் நம்பர்களையும் பேர்களையும் ஒரு கொப்பியில் எழுதி, நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ராத்தாவின் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். கட்டாரில் இருக்கும் தம்பியை வட்ஸ்அப்பில் தேடிப் பிடித்தோம். மனிசன் ஓடி ஒளியவில்லை, உண்மையாகவே மறந்துபோயிருந்தார். பதிவு செய்த நம்பர் இராமநாதபுரம் பக்கத்தில் ஒரு கடைக்காரருடையதாம். அந்தக் கடையை மூடிவிட்டார்களாம். மிச்சம் இருந்த எட்டு மாதமும் போனதுதான். சம்பளம் எடுத்ததும் பாதிக் காசாவது அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் வரவில்லை, வரும் என்று ராத்தா நம்புகிறார்.

சீ.ஆர். கொப்பித் தம்பிதான் போன கிழமை வந்து டிஷ்ஷை மேற்குப் பக்கம் திருப்பி, உள்நாட்டுக் கனெக்‌ஷன் ஒன்றைப் பூட்டிக் கொடுத்தார். சனல் குறைவு, மாதக் கட்டணம் கூட. படிவத்தில் ராத்தா தன்னுடைய பேரையே எழுதினார். ஆறு வருடத்தில் வீட்டுக்கு வந்த எந்தக் கடதாசியிலும் தன் பேர் இருந்ததில்லை என்று சொல்லிச் சிரித்தார். அக்டிவேட் ஆகும் வரைக்கும் பொக்ஸை நிப்பாட்ட வேண்டாம் என்று தம்பி சொல்லிவிட்டுப் போக, மகள் கார்ட்டின் இலக்கத்தை விஞ்ஞானக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்து உம்மாவின் குரல் கேட்டது, "சத்தம் வருகுதா புள்ள?"

இன்னும் வரவில்லை, வெறும் நீலத் திரைதான். ஒரு முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு வந்தது.